ஊரெல்லை தாண்டிய சாதி

பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையில் கிடக்கும் உப்பிலியபுரம் போன்ற ஊரில் ஒருவர் என்ன சாதி என்று தெரிந்துகொள்ள யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. வீடு எந்தத் தெருவில், குடும்பம் எந்தக் கோயிலுக்கு வரி கட்டுகிறது, திருவிழாவில் சாமி அவர் வாசலுக்கு வருகிறதா, ஊரோடு திரும்பிவிடுகிறதா என்பவையே சொல்லிவிடும். கைபேசிக்குத் தெருவும் இல்லை, காலனியும் இல்லை. முகமும் முகவரியும் தெரியாமல் நாலு பேர் பழகும் இடத்தில் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்று இணையம் பரவத் தொடங்கிய நாட்களில் பலர் நம்பியதற்கு அதுதான் காரணம். அமெரிக்காவில் நிறத்தைப் பற்றியும் இதே நம்பிக்கை இருந்தது. லிசா நகமுரா 2002 ஆம் ஆண்டிலேயே 'சைபர்டைப்ஸ்' என்ற நூலில் அதை மறுத்தார். தமிழ்நாட்டில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடந்தவை நம்முடைய நம்பிக்கைக்கும் பதில் சொல்லிவிட்டன. இணையம் சாதியை உண்டாக்கவில்லை, அழிக்கவும் இல்லை. ஊரெல்லைக்குள் கட்டுண்டு கிடந்த ஒன்றை எல்லை தாண்டித் திரளவைத்தது. திரளும் இடம் திரை; அதன் விளைவு வந்து விழுவதோ ஊரில். ஆகவே இணையத்துச் சாதியைத் திரையை மட்டும் பார்த்துப் படித்துவிட முடியாது, ஊரிலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்க வழி காட்டியவர்களில் பலர் செய்தித்தொழிலில் பழகி, அங்கே இடம் கிடைக்காமலோ அந்த இடம் போதாமலோ ஆய்வுக்கு வந்தவர்கள். இது தற்செயலாக நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தூரத்தில் இருப்பவர்கள் எழுத்தின் வழியாக ஒரே கூட்டமாவது இணையத்தோடு பிறந்த பழக்கமன்று. 1869இல் வந்த 'சூரியோதயம்', 1871இல் வந்த 'பஞ்சமன்', 1885இல் தொடங்கிய 'திராவிட பாண்டியன்', 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய 'பறையன்' என்று ஒடுக்கப்பட்டோர் நடத்திய தமிழ் இதழ்களுக்கு நீண்ட வரிசை உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். அந்த இதழுக்கு இராயப்பேட்டையில் மட்டுமா வாசகர்கள்? கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் படித்தார்கள். இரங்கூனுக்குப் போனவர்களும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் குடியேறியவர்களும் படித்தார்கள். அந்த இடங்களில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் எழுந்ததில் இதழுக்குப் பங்குண்டு. ஊரில் பிரிக்கப்பட்டவர்கள் அச்சில் கூடினார்கள். அவர்களைக் கூட்டியவர் சித்த மருத்துவர், பத்திரிகையாசிரியர், சுவடிகளை வைத்து வரலாற்றை மறுவாசிப்புச் செய்த ஆய்வாளர். மூன்றும் ஒரே ஆள். அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்', 1927இல் 'பகிஷ்கிருத் பாரத்' என்று நடத்தியபோதும் பத்திரிகையாளரும் அறிஞரும் ஒருவராகவே இருந்தனர். தன் மக்களைப் பற்றிய செய்தியை எழுத வேறு எவரும் இல்லாதபோது, அந்தச் செய்திக்குச் சான்று தேடும் வேலையும் அதே கையில்தான் விழுகிறது. இந்த வரலாறும் வெகுகாலம் மறைந்தே கிடந்தது. அயோத்திதாசரின் எழுத்துக்களை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்ட பிறகே பொதுவாசகர் கைக்கு அவை வந்தன.

இருபதாம் நூற்றாண்டில் பெரிய தினசரிகள் வளர்ந்தன, மாவட்டந்தோறும் பதிப்புகள் வந்தன, தாலுகா தலைநகர்களுக்கெல்லாம் நிருபர்கள் வந்தார்கள். ஆனால் செய்தி அறையின் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. 1996இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் டெல்லிச் செய்தியாளராக இருந்த கென்னத் கூப்பர், ஒரு தலித் பத்திரிகையாளரைத் தெரியுமா என்று பி. என். உனியாலைக் கேட்டார். கூப்பர் கறுப்பினத்தவர். அமெரிக்காவில் நிறம் குறித்துத் தான் அறிந்ததை வைத்து இந்தியாவில் அவர் எழுப்பிய இந்த எளிய கேள்விக்கு, முப்பதாண்டுகள் அத்தொழிலில் இருந்த உனியாலிடம் பதில் இல்லை. அரசின் அங்கீகாரம் பெற்ற 686 பத்திரிகையாளர்களின் பட்டியலை எடுத்துத் தேடினார். ஒரு தலித்தைக்கூட அவரால் அடையாளம் காண முடியவில்லை. அதை அவர் 'பயனியர்' நாளிதழில் எழுதினார். பத்தாண்டுகள் கழித்து, 2006இல், அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் ஆகியோர் டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட 37 ஊடகங்களில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தபோதும் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து செய்த ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன; பட்டியல் சாதி, பழங்குடிக் கணக்கு அப்போதும் பூச்சியம். அமெரிக்காவில் 1968இல் கெர்னர் ஆணையம் செய்தி நிறுவனங்கள் வெள்ளையர் கண்ணோடு மட்டும் எழுதுகின்றன என்று கண்டித்தது. அதன் பிறகு 1978 முதல் அங்கே பத்திரிகையாசிரியர் சங்கமே செய்தி அறைகளில் ஆண்டுதோறும் தலை எண்ணத் தொடங்கியது. எண்ணியதால் அங்கே சமத்துவம் வந்துவிடவில்லை என்பது உண்மை. இங்கே ஊடகங்கள் தங்களைத் தாங்களே எண்ணத் தொடங்கவே இல்லை என்பது அதைவிடக் கசப்பான உண்மை.

இந்தப் பின்னணியில்தான் ஜெ. பாலசுப்பிரமணியத்தின் பாதையைப் பார்க்க வேண்டும். ஊடகத்தில் நுழைந்த ஒரு தலித் இளைஞர் சாதியின் காரணமாக அதைவிட்டுக் கல்விப்புலத்துக்கு வர நேர்ந்ததை அவர் 2011இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி'யில் தன் அனுபவமாகவே எழுதினார். பிறகு 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடித் தொகுத்து, 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற நூலாக்கினார். செய்தி அறை இழந்தவர் செய்தி அறையின் வரலாற்றையே எழுதினார். அமெரிக்காவில் மெரிடித் கிளார்க் நாளிதழ்ச் செய்தியாளராக இருந்து ஆய்வுக்குப் போனவர். 'கறுப்பு ட்விட்டர்' என்று அழைக்கப்பட்ட இணையக் கூட்டத்தைப் பற்றி 2014இல் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். இரண்டாண்டுகள் கழித்து டீன் ஃப்ரீலன், சார்ல்டன் மக்கில்வெய்ன் ஆகியோருடன் அவர் எழுதிய அறிக்கை 4 கோடியே 8 லட்சம் ட்வீட்டுகளை அலசியது. ஆனால் எண்ணியதோடு அவர்கள் நிற்கவில்லை. பங்கேற்றவர்களையும் பார்வையாளர்களையும் தேடிப் பேட்டி எடுத்தார்கள். நிருபர் என்பவர் ஒரு சொல் யாரிடமிருந்து வந்தது, யாருக்குச் சொல்லப்பட்டது, அதனால் அடுத்த நாள் யார் வீட்டுக்கு என்ன ஆனது என்று கேட்கப் பழகியவர். திரையில் தெரியும் எண்ணிக்கை இந்த மூன்றுக்கும் பதில் சொல்வதில்லை. அவ்வளவு பெரிய எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டும் அவர்கள் ஆட்களைத் தேடிப் போனதற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று நான் கருதுகிறேன்.

தமிழ்ச் சாதி இணையத்தில் முதலில் குடியேறிய இடம் கலவரமல்ல, கல்யாணம். முருகவேல் ஜானகிராமன் 1997இல் அமெரிக்காவிலிருந்து தமிழர்களுக்கென ஒரு தளம் தொடங்கினார். அதில் ஓரமாக இருந்த வரன் பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது. அதுவே பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்து, பின்னர் முந்நூறுக்கும் மேற்பட்ட சமூகங்களுக்குத் தனித்தனிச் சேவையாகப் பிரிந்தது. முன்பு தரகர் பைக்கட்டில் நாலைந்து தாலுகாவுக்குள் தேடியவர் இப்போது சிங்கப்பூரிலும் டெக்சாஸிலும் அதே உட்பிரிவில் வரன் தேடலாம். ஸ்ரீரங்கத்து அக்ரகாரத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வெளியேறிய குடும்பத்துக்கும், துறையூர்ப் பக்கத்துக் குடியானவக் குடும்பத்துக்கும் இது ஒன்றுபோலவே உதவியது. சாதிக்குள் மணம் முடிப்பதற்கு இருந்த பெரிய நடைமுறைத் தடை தூரம். அந்தத் தடை நீங்கியது. யாரும் யாரையும் வையவில்லை, அடிக்கவில்லை. ஆனால் சாதியின் உயிர்நாடி அகமணம் என்பதை அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவியிருக்கிறார். அந்தக் கணக்கில் பார்த்தால் இணையம் சாதிக்குச் செய்த மிகப் பெரிய உதவி இதுதான். வெறுப்புப் பேச்சை மட்டும் தேடுகிற ஆய்வுகள் இந்த அமைதியான பகுதியைக் கண்டுகொள்வதில்லை. ஸ்ரீராம் வெங்கட்ராமன் சென்னைக்குத் தெற்கே தகவல் தொழில்நுட்பச் சாலையை ஒட்டிய ஊர்களில் பதினைந்து மாதம் தங்கிக் களஆய்வு செய்து 2017இல் வெளியிட்ட 'சோஷியல் மீடியா இன் சவுத் இந்தியா' இதற்கு ஒரு நல்ல விலக்கு. சமூக ஊடகத்தில் யார் யாரோடு நட்பாக இருக்கிறார்கள் என்பது உறவு, சாதி, வர்க்கம் என்று வெளியுலகில் ஏற்கெனவே இருக்கும் வட்டங்களையே பெரிதும் ஒட்டியிருந்ததை அந்நூல் காட்டியது. ஊர்களில் தங்கியிராவிட்டால் இதைக் கண்டிருக்க முடியாது.

கல்யாணத்துக்குத் திரண்ட வட்டம் காதலைத் தண்டிக்கவும் திரளும் என்பதைத் திருச்செங்கோடு காட்டியது. கொல்லிமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த ஊரில் ஆறே மாத இடைவெளியில் இரண்டு நிகழ்ச்சிகள். அவ்வூரைக் களமாகக் கொண்டு 2010இல் வெளிவந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலிலிருந்து சில பக்கங்கள் மட்டும் உருவப்பட்டு 2014 டிசம்பரில் பரப்பப்பட்டன. நாவலை முழுதாகப் படிக்காத ஒரு கூட்டம் அந்தப் பக்கங்களால் உருவானது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின் எழுத்தாளர் எழுதுவதையே நிறுத்திக்கொண்டார்; சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று அளித்த தீர்ப்புதான் அவரை மீட்டது. அதற்குள், 2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த, பொறியியல் படித்த கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் வேறு சாதியைச் சேர்ந்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டார். அடுத்த நாள் பள்ளிபாளையம் அருகே இரயில் பாதையில் அவரது உடல் கிடந்தது. வழக்கின் முதல் குற்றவாளியான யுவராஜ் ஒரு சாதிச் சங்கத்தின் தலைவர். தலைமறைவாக இருந்த மாதங்களில் அவர் வாட்சப்பில் குரல்பதிவுகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தார். தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார். காவல்துறை தேடிக்கொண்டிருந்தபோது ஆயிரக்கணக்கான கைபேசிகளில் அவர் குரல் ஒலித்தது. ஒரு சாதிச் சங்கத்தின் தலைவராக மட்டும் இருந்தவர் கொலை வழக்கில் தேடப்படும்போதே மாவட்டங்கள் கடந்த ஆளாக வளர்ந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் அவர் நாமக்கல்லில் சரணடைய வந்தபோது ஆதரவாளர் கூட்டம் திரண்டிருந்தது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட கொலை அந்தந்த ஊரின் இரகசியமாகப் புதைந்துவிடும். இங்கே அது பெருமையாக ஒலிபரப்பானது.

திருச்சிக்குத் தெற்கே நடந்தது வேறு விதம். 2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவை ஒட்டி, முத்தரையர் சமூகத்தையும் அச்சமூகப் பெண்களையும் இழிவாகப் பேசும் ஒரு குரல்பதிவு வாட்சப்பில் பரவியது. புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில் ஆயிரக்கணக்கானோர் காவல் நிலையத்தின் முன் திரண்டார்கள். கல்வீச்சு, தடியடி, வாகனச் சேதம் என்று முற்றி 144 தடையுத்தரவு வரை போனது. திருச்சி வட்டாரம் முழுக்கப் பெருந்தொகையாக வாழும் சமூகம் முத்தரையர். பேசியவர் எவர், கேட்டவர் எவர் என்று தெரியும் முன்பே அந்தக் குரல் வட்டாரமெங்கும் போய்விட்டது. இங்கே இரண்டு செய்திகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, அவமதிப்பு உண்மையானது. பெண்களை இழிவுபடுத்தி ஓர் உழைக்கும் சமூகத்தைச் சிறுமைப்படுத்தும் பேச்சுக்கு எவரும் கொதிக்கத்தான் செய்வார்கள். மற்றொன்று, அந்தப் பேச்சு ஒரு டீக்கடையில் நடந்திருந்தால் அங்கேயே சண்டையாகி அங்கேயே அடங்கியிருக்கும். குரல்பதிவுக்கு இடமில்லை, அதனால் அதைக் கேட்ட ஒவ்வோர் ஊரும் அதைத் தன் ஊரில் பேசியதாகவே எடுத்துக்கொண்டது. பேசியது ஓரிருவர் என்றாலும் பழி ஒரு சாதி முழுவதன்மீதும் விழுந்தது. திருச்செங்கோட்டில் ஆதிக்கம் திரையில் திரண்டது என்றால் இங்கே காயம் திரையில் திரண்டது. இரண்டையும் 'வெறுப்புப் பேச்சு' என்ற ஒரே தலைப்பில் போடுகிற ஆய்வு ஊரை அறியாத ஆய்வு.

கோகுல்ராஜ் வழக்கின் முடிவில் நம் கேள்விக்கு நேரடியான பாடம் ஒன்று இருக்கிறது. மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் முக்கியச் சான்று கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு, தோழியோ பிறழ்சாட்சியாகிவிட்டார். விசாரித்த நீதிபதிகள் எம். எஸ். இரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் தாங்களே திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போனார்கள். கேமரா எங்கே இருக்கிறது, எந்த வாசல் எதைப் பார்க்கிறது என்று நேரில் கண்டார்கள். அந்த ஆண்டு ஜூனில் பெரும்பாலோரின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தார்கள். திரையில் இருப்பதைத் தரையில் போய்ச் சரிபார்ப்பது நிருபரின் முறை; நீதிமன்றமே அதைக் கையாண்டது. இதற்கு மாறாக வேங்கைவயலைப் பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து அந்த ஊரில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததும், கைபேசிப் படங்களும் குரல்பதிவுகளும் சமூக ஊடகத்தில் உலவத் தொடங்கின. பாதிக்கப்பட்ட மக்களும் கட்சிகளும் அந்த விசாரணையையே மறுத்து சிபிஐ விசாரணை கேட்டார்கள். நீதிமன்றம் சொல்லும் முன்பே இணையம் இரு பக்கமாகத் தீர்ப்பு எழுதிவிட்டது. சென்று பார்க்கும் பொறுமைக்கும் ஃபார்வர்டு செய்யும் அவசரத்துக்கும் உள்ள தொலைவு அது.

எண்ணிக்கை ஆய்வுகள் வீண் என்று நான் சொல்லவில்லை. தேன்மொழி சௌந்தரராஜன் தலைமையிலான ஈக்குவாலிட்டி லேப்ஸ் அமைப்பு 2019இல் ஃபேஸ்புக்கைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, தாங்கள் புகார் செய்த வெறுப்புப் பதிவுகளில் 93 விழுக்காடு நீக்கப்படாமலே இருந்ததாகச் சொன்னது. ஆராயப்பட்ட பதிவுகளில் 13 விழுக்காடு சாதி சார்ந்தவை. முரளி சண்முகவேலன் 2021இல் சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்புக்காக எழுதிய அறிக்கை, சாதிவெறுப்பைத் தனி வகையாகவே பார்க்க வேண்டும் என்று வாதிட்டது. பெரிய நிறுவனங்களின் விதிகளில் சாதி என்ற சொல் இன்று இடம்பெற்றிருக்கிறது. ஆனால் விதி, வசைச்சொல்லைத் தேடுகிறது. தமிழ்நாட்டில் சாதி எப்போதும் வசைச்சொல்லாக வருவதில்லை. சாதி கடந்த காதலை 'நாடகக் காதல்' என்பார்கள்; 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்ட காலத்தில் அந்தத் தொடர் எந்த வேலையைச் செய்தது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. 'ஆண்ட பரம்பரை' என்ற ஸ்டேட்டஸில் ஒரு கெட்ட வார்த்தையும் கிடையாது. ஒரு நிறம், ஒரு விலங்கின் படம், ஒரு சினிமாப் பாட்டின் இரண்டு வினாடி போதும். எந்த ஊரில் எந்தத் தெருவுக்கு அது சொல்லப்படுகிறது என்பது அங்கே இருப்பவர்களுக்கு விளங்கும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. வெளியாருக்கு அது வெறும் கயிறு. கயிற்றைப் படிக்கத் தெரியாதவருக்கு ரீல்ஸையும் படிக்கத் தெரியாது.

நிறமும் சாதியும் ஒன்றல்ல. அமெரிக்கக் கருவிகளை வைத்துத் தமிழ்நாட்டை அளக்கலாமா என்று ஒரு மறுப்பு எழும். இது அற்பமான மறுப்பல்ல. 2001இல் தர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைச் சேர்க்கக் கூடாது என்று இந்திய அரசு வாதிட்டது. ஆந்த்ரே பெத்தேய் போன்ற மதிப்புக்குரிய சமூகவியலாளரும் சாதியை இனமாகக் காண்பதை எதிர்த்தார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நிறம் உடலில் தெரியும்; சாதி தெருவிலும் பெயரிலும் உறவிலும் தெரியும். அமெரிக்கக் கறுப்பினத்தவர் இணையத்தில் ஒருவரையொருவர் பேச்சுநடையாலும் நகைச்சுவையாலும் கண்டுகொண்டார்கள். இங்கே இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி 'எந்த ஊரு?' என்பதே. ஆனால் இந்த வேறுபாடு என் வாதத்துக்குத் துணையாகத்தான் வருகிறது. சாதி உடலில் தெரியாமல் இடத்தில் தெரிவதால்தான் இடத்தை விட்டுவிட்டு அதைப் படிக்க முடியாது என்கிறேன். அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை மட்டுமே; இசபெல் வில்கர்சன் 2020இல் எழுதிய 'காஸ்ட்' நூல் செய்ததுபோல இரண்டையும் சமன்படுத்த வேண்டிய தேவை இல்லை. 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டியூபாய்ஸுக்குக் கடிதம் எழுதியபோதும் கேட்டது சமன்பாடு அல்ல, கறுப்பினத்தவர் ஐ.நா. சபைக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் படி வேண்டும் என்றார். இன்னொரு போராட்டம் எப்படிச் சான்று திரட்டியது என்று பார்ப்பதற்காக.

இணையம் ஒடுக்கப்பட்டோருக்குக் குரல் கொடுத்ததை மறைக்கிறீர்களே என்பது இரண்டாவது மறுப்பு. மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ரவிச்சந்திரன் பத்ரன் தொடங்கிய 'தலித் கேமரா' ஒரு சிறு கேமராவோடு போய் எடுத்த பேட்டிகள் எந்தத் தொலைக்காட்சியிலும் வந்திருக்கமாட்டா. அவரும் ஆய்வாளர்தான். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பு யூடியூபிலும் மாத இதழாகவும் செய்துவருவது அயோத்திதாசரின் வாரத்தாள் வேலையின் தொடர்ச்சி என்றே நான் பார்க்கிறேன். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில், சாதி கடந்து மணந்த சங்கர் வெட்டப்பட்ட கேமராக் காட்சி கைபேசிகளில் பரவியிராவிட்டால் நாடு அந்த அளவுக்கு அதிர்ந்திருக்குமா என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் குரல் கிடைத்ததையும் மேடை சொந்தமானதையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது. 2018 நவம்பரில் ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சி பார்ப்பனிய ஆணாதிக்கத்தைக் கண்டிக்கும் பதாகையோடு நின்ற ஒரு புகைப்படத்துக்கு அந்த நிறுவனம் சில நாட்களிலேயே பின்வாங்கி விளக்கம் சொல்ல நேர்ந்தது. அடுத்த ஆண்டு மூத்த பத்திரிகையாளர் திலீப் மண்டலின் கணக்கு முடக்கப்பட்டபோது போராட வேண்டியிருந்தது. 2022இல் கூகுள் நிறுவனத்தில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேசவிருந்த உரை கைவிடப்பட்டது. அயோத்திதாசரின் அச்சகம் அவர் கையில் இருந்தது. நீலத்தின் யூடியூப் அவர்கள் கையில் இல்லை. கிடைத்த குரலின் மதிப்பைக் குறைக்காமலே இதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

பாதிக்கப்பட்ட சமூகத்திலிருந்து வரும் செய்தியாளர் ஆய்வாளரானால் நடுநிலை இருக்குமா என்பதுதான் கல்விக்கூடங்களில் மெல்லிய குரலில் கேட்கப்படும் கேள்வி. அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸின் வரலாறு இதற்குப் போதிய விடை. 1892இல் மெம்ஃபிஸ் நகரில் அவருடைய நண்பர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். அதை எழுதியதற்காக அவருடைய பத்திரிகை அலுவலகம் அழிக்கப்பட்டது. அவருக்கு நடுநிலை எங்கிருந்து வரும்? ஆனால் 1895இல் 'ரெட் ரெக்கார்ட்' எழுதியபோது அவர் தன் கண்ணீரைச் சான்றாக வைக்கவில்லை. வெள்ளையர் நடத்திய 'சிகாகோ ட்ரிப்யூன்' அச்சிட்ட கணக்குகளையே எடுத்துக்கொண்டு, கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர்மீது பெண்களைத் தாக்கிய குற்றச்சாட்டே இல்லை என்று காட்டினார். தனக்கு நேர்ந்தது அவரைக் கேள்வி கேட்கவைத்தது. சான்றோ எவரும் சரிபார்க்கக் கூடியதாக இருந்தது. சார்பு இல்லாதவர் என்று ஒருவரைத் தேடினால் சாதியில்லாத ஒருவரைத்தான் தேட வேண்டும். இந்த மண்ணில் அப்படி எவரும் பிறப்பதில்லை. உயர்சாதி ஆய்வாளரின் நடுநிலையை மட்டும் யாரும் கேட்பதில்லை என்பதும் ஒரு சான்றே.

ஊரிலிருந்து படிப்பதில் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சாதிக் குழுக்கள் பெரும்பாலும் மூடிய குழுக்கள்; அட்மின் சேர்த்தால்தான் உள்ளே போகலாம். அடையாளத்தை மறைத்து உள்ளே போவது செய்தித்தொழிலில் சில சமயம் நியாயமாகலாம், ஆய்வறத்தில் அது எளிதல்ல. உள்ளே இருப்பவர் பலர் பள்ளிப் பிள்ளைகள் என்னும்போது இன்னும் கடினம். ஒரு ஊர்க் குழுவின் பேச்சை நூலில் அப்படியே எடுத்துப் போட்டால் பேசியவர் யார் என்று அந்த ஊருக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதன் விலையை ஆய்வாளர் கொடுக்கமாட்டார். சட்டம் ஓரளவு தெளிவாகியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கேட்கும் 'பொதுப் பார்வை' இணையப் பதிவுக்கும் பொருந்தும், பாதிக்கப்பட்டவர் நேரில் இருக்க வேண்டியதில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது. ஆனால் குற்றத்துக்குச் சான்று தேடும் காவலரும், ஒரு கூட்டம் எப்படி உருவாகிறது என்று தேடும் ஆய்வாளரும் ஒரே பதிவை ஒரே விதமாகக் கையாள முடியாது. வெங்கட்ராமன் தன் ஊர்களுக்குப் 'பஞ்சக்கிராமி' என்று புனைபெயர் வைத்தது இந்த அச்சத்தால்தான். நிருபர் பெயரைப் போட்டு எழுதப் பழகியவர். ஆய்வுக்கு வந்தபின் பெயரை மறைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை அவர் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும்.

உப்பிலியபுரத்தை ஒட்டிய மலைகளில், இணையத்துச் சாதியை ஊரிலிருந்து படிக்கும் இந்த வேலை இன்னும் தொடங்கியதாகத் தெரியவில்லை. பச்சைமலையின் வண்ணாடு, கோம்பை, தென்பறநாடு ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரை முன்னிட்டே உப்பிலியபுரம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2008 மறுசீரமைப்பில் அந்தத் தொகுதி மறைந்து துறையூருக்குள் போய்விட்டது. மாநிலத்தில் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே பழங்குடித் தொகுதிகளாக எஞ்சின. சட்டமன்றத்தில் இருந்த ஒரு குரல் போன சில ஆண்டுகளிலேயே கைபேசி மலையேறியது. பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன், சேர்வராயன், சவ்வாது என்று வெவ்வேறு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் ஒரே மக்கள் இப்போது ஒரே குழுவில் பேச முடியும். அவர்கள் என்ன பேசுகிறார்கள், தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள், அடிவாரத்து ஊர்களின் சாதிப் பெருமைக் காணொளிகள் அவர்கள் பிள்ளைகளை என்ன செய்கின்றன என்பதை டெல்லியிலோ கலிஃபோர்னியாவிலோ உட்கார்ந்து யாரும் எண்ணிவிட முடியாது. அதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. துறையூர், முசிறி, பெரம்பலூர் வட்டங்களில் மாதச் சம்பளம் இல்லாமல், செய்தியின் அளவுக்குக் கூலியும் விளம்பரம் பிடித்தால் கமிஷனும் வாங்கிக்கொண்டு ஓடும் பகுதிநேர நிருபர்களுக்கு எந்தக் கயிறு எந்தத் தெரு என்று தெரியும். எந்தக் குழுவின் அட்மின் எந்தக் கட்சி என்றும் தெரியும். அவர்களில் நாலு பேருக்கு, குறிப்பாக இதுவரை செய்தி அறைக்குள் விடப்படாத தெருக்களிலிருந்து வந்தவர்களுக்கு, திருச்சியின் கல்லூரிகளும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் மூன்றாண்டு உதவித்தொகையும் ஒரு நெறியாளரும் கொடுக்கலாம். தமிழ் நாளிதழ்கள் தங்கள் ஆசிரியர் குழுவிலும் நிருபர் பட்டியலிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறை எண்ணி வெளியிடலாம். கூப்பர் கேட்ட கேள்வியைச் சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் இன்னும் யாரும் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு கேட்டதாகத் தெரியவில்லை.